ஒரு சாண் வயரும் ‘ஆறு ஒன்பது’ செம்பும்

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய மண்டபத்துக்கு ஒரு அம்ப்ளிபையரும், 8 ஓம் ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டும் வாங்கியிருக்கிறோம். மேடையிலிருந்து ஒவ்வொரு பொக்சுக்கும் 15 மீற்றர் வயர் இழுக்க வேண்டும். லப்டொப்பிலிருந்து மிக்சருக்கு ஒன்றரை மீற்றர் வயர் ஒன்றும் மைக்குக்கு 12 மீற்றர் வயர் ஒன்றும் தேவை. எல்லாவற்றையும் நாங்களே செய்யப் போகிறோம். கனடாவில் இருக்கும் மாமா, “99.9999 வீதம் சுத்தமான ஒட்சிசன் இல்லாத செம்பு வாங்கி அனுப்புகிறேன், சாதாரண வயர் போட்டால் சத்தம் மங்கிவிடும்” என்கிறார். கிளிநொச்சிக் கடையில் சாதாரண வயர் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு இளைஞர், முள்ளியவளை

பதில்: மாமாவின் அக்கறைக்கு நன்றி சொல்லி, அந்த வயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. ஆறு ஒன்பது போட்ட (99.9999 வீத) செம்பு உண்டு, அது மின்னைக் கொஞ்சம் கூடக் கடத்துவதும் உண்மை. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால்தான் விசயம் விளங்கும்.

செம்பு எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்று அளக்க 1913ஆம் ஆண்டு சர்வதேச அளவு ஒன்றை வைத்தார்கள். நன்றாகப் பதப்படுத்திய மென்செப்புக் கம்பிக்கு 100 என்று புள்ளி போட்டு, மற்றவற்றை அதோடு ஒப்பிடுவார்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் சாதாரண 99.9 வீதச் செம்பு இன்று 100க்கும் 101.5க்கும் இடையில் நிற்கிறது. ஒட்சிசன் அற்ற செம்பு 101ஐச் சற்றுத் தாண்டும். ஆறு ஒன்பதும்கூட 103ஐத் தாண்டாது. வெள்ளிக்கே கிட்டத்தட்ட 106தான். ஆக, மாமா காசு கொடுத்து வாங்கப் போவது ஒன்று அல்லது இரண்டு வீத இலாபம். உங்கள் 15 மீற்றர் வயரில் ஒரு வீதம் என்பது 15 சென்ரிமீற்றர். கடை வயரையே ஒரு சாண் குறைத்து வெட்டினால் அந்த இலாபம் சும்மா கிடைத்துவிடும்.

நமது வெயில் இதைவிடப் பெரிய வேலை செய்கிறது. செம்பு ஒரு பாகை சூடேறினால் தடை 0.39 வீதம் கூடும். ஐந்து பாகை ஏறினால் ஆறு ஒன்பதின் இலாபம் முழுதும் போய்விடும். தகரக் கூரைக்குக் கீழே வயர் போய், அங்கே பங்குனி சித்திரை மத்தியானத்தில் 50 பாகை வந்தால், 20 பாகையில் இருந்ததைவிடத் தடை 12 வீதம் கூட. சுத்தம் உண்மையிலேயே பெரிய வித்தியாசம் காட்டுவது திரவ ஹீலியக் குளிரில்தான். அங்கே அணுக்களின் வெப்ப அதிர்வு அடங்கிவிடுவதால், மிச்சம் இருக்கும் அழுக்கு மட்டும் இலத்திரன்களை மறிக்கும். சாதாரண வெப்பநிலையில் மறிப்பதில் பெரும்பங்கு அந்த அதிர்வுடையது. வெப்பத்தால் வரும் தடையும் அழுக்கால் வரும் தடையும் தனித்தனியாக இருந்து கூட்டப்படுகின்றன என்பதை மத்தீசன் என்ற வேதியியலாளர் 1860களிலேயே காட்டிவிட்டார்.

‘ஒட்சிசன் அற்ற’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணச் செம்பில் பத்து இலட்சத்தில் 200 முதல் 400 பங்குவரை ஒட்சிசன் இருக்கும். அதைக் குற்றம் என்று நினைக்க வேண்டாம். உருக்கும்போது அந்த ஒட்சிசன் மற்ற அழுக்குகளோடு சேர்ந்து ஒட்சைட்டாக ஒதுங்குவதால், கடத்துதிறன் குறையாமல் காக்கப்படுகிறது. ஒட்சிசன் அற்ற செம்பு தேவைப்பட்டது வெற்றிடக் குழாய் செய்கிறவர்களுக்கும், ஐதரசன் உள்ள சூளையில் செம்பைப் பற்றவைக்கிறவர்களுக்கும். சாதாரணச் செம்பை அப்படிச் சூடாக்கினால் உள்ளேயுள்ள ஒட்சிசனோடு ஐதரசன் சேர்ந்து நீராவியாகி, உலோகத்தில் வெடிப்பு விழவைக்கும். உங்கள் மண்டபத்தில் ஐதரசன் சூளை இல்லை.

வீதக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு ஒரு சாட்சி பிரிட்ஜின் செப்புக் குழாய். அதுவும் 99.9 வீதச் செம்புதான். ஆனால் அதில் கலந்த துளி பொசுபரசு போதும், கடத்துதிறன் 85 அளவுக்கு இறங்கிவிடும். எத்தனை ஒன்பது என்பதைவிட மிச்சம் இருப்பது என்ன அழுக்கு என்பதே முக்கியம். கம்பெனி வயருக்குப் போகும் செம்பில் இதைக் கட்டுப்படுத்துவார்கள். பழைய இரும்புக்காரரிடம் சேர்ந்த செம்பைக் கண்டபடி உருக்கி இழுத்த வயரில் யாரும் பார்ப்பதில்லை.

இனி உங்கள் மண்டபம். 15 மீற்றர் என்றால் போக 15, வர 15, மொத்தம் 30 மீற்றர் கம்பி. 2.5 சதுர மில்லிமீற்றர் பிளெக்சிபிள் வயர் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 8 ஓம். உங்கள் 30 மீற்றருக்கு 0.24 ஓம். 8 ஓம் பொக்சில் இதனால் இழப்பது 0.26 டெசிபெல். ஆறு ஒன்பது செம்பு போட்டு இரண்டு வீதம் மிச்சம் பிடித்தால் திரும்பக் கிடைப்பது 0.005 டெசிபெல். சாதாரணக் காதுக்கு ஒரு டெசிபெல் அளவில்தான் வித்தியாசம் தட்டுப்படத் தொடங்கும். இதே இடத்தில் மெல்லிய 0.75 வயரை இழுத்தால் தடை 0.78 ஓம், இழப்பு 0.8 டெசிபெல். யாராவது சோம்பலில் இரண்டு பொக்சையும் ஒரே வயரில் சேர்த்துக் கட்டினால் சுமை 4 ஓம் ஆகும். அப்போது மெல்லிய வயரில் 1.5 டெசிபெல், அதாவது பொக்சுகளுக்குப் போகவேண்டிய சக்தியில் 30 வீதம் குறையும். காசைத் தடிப்பில் போடுங்கள். ஒவ்வொரு பொக்சுக்கும் தனித்தனி 2.5 இரட்டை வயர் போதும்.

வீட்டு வயரிங்கின் ஒற்றை வயர் இரண்டை வேறுவேறு குழாயில் கொண்டுபோக வேண்டாம். இரண்டும் விலகிப் போகும் அளவுக்குத் தூண்டல் கூடி, உச்சக் கீச்சு ஒலி கொஞ்சம் அடங்கும். ஒட்டியபடியோ முறுக்கியோ போகட்டும்.

சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: இது முதலில் செம்புதானா? ஸ்பீக்கர் வயர் என்று பளபளக்கும் உறையில் வருவதில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு தோல்போலப் போர்த்தியது. அதன் கடத்துதிறன் 63 முதல் 67 வரை. 2.5 என்று அச்சடித்திருந்தாலும் வேலை செய்வது 1.6 செம்பு போலத்தான். இங்கே போவது 35 வீதம். மாமா மிச்சம் பிடிக்க நினைத்தது இரண்டு வீதம்.

கடையிலேயே பார்க்கலாம். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறமாக இருந்து சுரண்ட உள்ளே சிவப்பாக வந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. நல்ல சரக்கு, விடாதீர்கள். லைற்றர் சுவாலையில் தனி இழையைப் பிடித்தால் அலுமினியம் 660 பாகையில் உருகித் தொய்ந்து அறுந்துபோகும், செம்பு 1085 பாகைவரை தாங்குவதால் சிவந்து நிற்கும். இன்னும் நிச்சயம் வேண்டுமானால் ஒரு மீற்றர் வயரின் ஒரு கோரை (தனி உறையுள்ள ஒரு கம்பியை) உரித்து, இழைகளை நகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 2.5 செம்பு என்றால் ஏறக்குறைய 22 கிராம், அலுமினியக் கலப்பு என்றால் 8 அல்லது 9 கிராம். இந்த நிறுவையால் இன்னொரு களவும் பிடிபடும். செம்பு என்று உறுதியானபின், ஒரு மீற்றரின் கிராமை 8.9ஆல் பிரித்தால் வருவதுதான் உண்மையான சதுர மில்லிமீற்றர். 16 கிராம் வந்தால் 2.5 என்று எழுதி 1.8 விற்கிறார்கள்.

தராசு இல்லாவிட்டால் இழையை எண்ணுங்கள். 2.5 பிளெக்சிபிள் வயரில் வழக்கமாக 0.25 மில்லிமீற்றர் இழை 50 இருக்கும். இழை தடிப்பா மெல்லிசா என்பதற்கு ஒன்றைப் பென்சிலில் நெருக்கமாக 20 சுற்றுச் சுற்றி ரூலரால் அளந்தால் 5 மில்லிமீற்றர் வரவேண்டும். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர) முத்திரை உள்ள உள்ளூர் கம்பெனி வயரில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கிவந்த பிறகு ஒரு பரீட்சை. சாதாரண மல்ரிமீற்றரின் ஓம் நிலையில் வயரை அளப்பதில் பிரயோசனம் இல்லை. மீற்றரின் சொந்த வயரே 0.2, 0.3 ஓம் காட்டும். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றும் 12 வோல்ற் 21 வாற்ஸ் பிரேக் பல்ப் ஒன்றும் எடுங்கள். பற்றரியின் நேர்முனை, 5 அம்பியர் பியூஸ், பல்ப், சோதிக்க வேண்டிய வயரின் ஒரு கோரில் சரியாக 10 மீற்றர், பிறகு எதிர்முனை என்று வரிசையாக இணையுங்கள். மீற்றரையும் அந்த வரிசையில் சேர்த்து ஓட்டத்தை 10 அம்பியர் நிலையில் அளந்தால் 1.75 அளவில் வரும். அதைக் குறித்துக்கொண்டு, மீற்றரைக் கழற்றி வரிசையை மறுபடி இணைத்து, மீற்றரின் சிவப்பு முனையை வோல்ற் அளக்கும் துளைக்கு மாற்றுங்கள். இதை மறந்து முனைகளைப் பற்றரியின் இரு பக்கமும் வைத்துவிட்டால் மீற்றரே பழுதாகலாம். பிறகு 2000 மில்லிவோல்ற் நிலையில் அந்த 10 மீற்றரின் இரு நுனிக்கும் இடையே அளவுங்கள். முனைகளைக் கிளிப்பில் வைக்காமல் செம்பிலேயே வையுங்கள். 2.5 செம்பு நமது வெப்பத்துக்கு 145 முதல் 150 மில்லிவோல்ற் காட்டும். 220ஐத் தாண்டினால் அலுமினியம், அல்லது தடிப்பு ஏமாற்று. கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

அலுமினியக் கலப்பு வயர்தான் கையில் இருக்கிறது என்றால் 4 சதுர மில்லிமீற்றருக்குப் போனால் தடை சரியாகிவிடும். ஆனால் வேறு வியாதி இருக்கிறது. முள்ளியவளைக்குக் கடல் தூரமில்லை. வெட்டிய நுனியில் அலுமினியம் தெரியும் இடத்தில், பித்தளைத் திருகும் உப்பு ஈரமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும், தொடர்பு விட்டுவிடும். அடிக்கடி வளைக்கும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். சோல்டர் செய்யும்போது சூடு கூடினால் செப்புத் தோல் ஈயத்தில் கரைந்துபோய், மிஞ்சும் அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது. இந்த வயரை 230 வோல்ற் வேலைக்கு மறந்தும் எடுக்கக் கூடாது.

ஸ்பீக்கர் வயரின் நுனியை எப்படி முடிப்பது என்பது செம்பின் சுத்தத்தைவிட நூறு மடங்கு முக்கியம். தளர்ந்த திருகு ஒன்று அரை ஓம் போட்டுவிடும். உங்கள் முழு வயரின் தடையே 0.24 ஓம்தான். 10 மில்லிமீற்றர் உரித்து, இழைகளை நன்றாக முறுக்கி, நுனிக்கு நசுக்கும் செப்புக் குப்பி (ferrule) போடுங்கள். பலர் நுனிக்கு ஈயம் பூசித் திருகின் கீழே இறுக்குவார்கள். பார்க்க அழகு, ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசிந்து விலகும், நாளடைவில் திருகு தளரும். ஈயம் பூசுவது பிளக்குக்குள் சோல்டர் செய்யும் இடத்துக்கு மட்டும். பிரிந்து நிற்கும் ஒரு இழை பக்கத்து முனையில் முட்டினாலும் அம்ப்பின் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர் போய்விடலாம், கவனம். இரண்டு பொக்சும் ஒரே திசையில் தள்ளுகிறதா என்று பார்க்க, அம்ப்பிலிருந்து கழற்றிய வயரில் 1.5 வோல்ற் பற்றரியைக் கணநேரம் தொடுங்கள். நேர்முனையைச் சிவப்பில் தொட்டால் பெரிய ஸ்பீக்கரின் கூம்பு முன்னுக்கு வரவேண்டும். ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போனால் மண்டபத்தின் நடுவில் அடித்தொனி காணாமல் போகும். மாமாவின் வயராலும் அதைக் கொண்டுவர முடியாது.

லப்டொப் வயருக்கு வருவோம். மிக்சரின் உள்ளீடு குறைந்தது 10,000 ஓம். அதற்கு முன்னால் வயரின் தடை ஒரு பொருட்டே இல்லை. டிஷ் ரிவிக்கு இழுக்கும் வயரின் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய உருக்கு. காந்தம் வைத்தால் ஒட்டும். அதில் ஒன்றரை மீற்றர் எடுத்தாலும் நடுக்கம்பியின் தடை 0.15 ஓம்தான் வரும். இழப்பு 67,000இல் ஒரு பங்கு. இரும்பு நடுவில் போனாலும் பாட்டு அப்படியே வரும். விறைப்பாக இருப்பதாலும், சின்ன பிளக்குக்குள் நுழையாது என்பதாலும்தான் அதை வேண்டாம் என்கிறேன். இங்கே பார்க்க வேண்டியது வெளி இரைச்சலைத் தடுக்கச் சுற்றியிருக்கும் கம்பி வலை. வயரை வளைத்துப் பார்த்தால் வலையின் இடைவெளியில் உள்ளுறை தெரியக் கூடாது. அலுமினியத் தாள் மட்டும் சுற்றியது அசையாத இடத்துக்குச் சரி, சுருட்டி எடுக்கும் வயரில் கிழிந்துவிடும்.

செய்யும் முறை: பிளக்கின் மூடியை முதலில் வயரில் கோத்துவிடுங்கள். சோல்டர் முடிந்த பிறகு மூடி மேசையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைக்காதவர் இந்தத் தொழிலில் இல்லை. மேலுறை 20 மில்லிமீற்றர், உள்ளுறை 5 மில்லிமீற்றர் உரியுங்கள். வலையைப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்குங்கள். ரெசின் நடுவிலுள்ள 60/40 அல்லது 63/37 ஈயம், 30 அல்லது 40 வாற்ஸ் அயர்ன். தகரத்துக்குப் பூசும் அசிட் பசை உள்ளே போனால் ஒரு மாரிக்குள் பச்சை பிடித்து அரிக்கும். நுனிக்கும் பின்னுக்கும் தனித்தனியே ஈயம் பூசி, சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடு காட்டினால் போதும். அதற்குமேல் வைத்தால் உள்ளுறை உருகி, நடுக்கம்பி வலையோடு முட்டும். ஆறும்வரை அசைக்காதீர்கள், மங்கலாக, மணல்போல உறைந்தால் மறுபடி உருக்குங்கள். லப்டொப்பில் செருகும் 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ பின்னில் நுனி இடது, வளையம் வலது, அடித்தண்டு பொது. மிக்சரில் ஒரு துளைதான் காலி என்றால் இடதையும் வலதையும் நேரே சேர்த்து முறுக்காமல், ஒவ்வொன்றிலும் 1 கிலோஓம் தடை வைத்துச் சேருங்கள்.

லப்டொப்பைச் சார்ஜரில் போட்டதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் செம்பைக் குறைசொல்ல வேண்டாம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் லப்டொப்பின் ஏர்த்தும் மிக்சரின் ஏர்த்தும் போடும் வளையம். இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பாதிக்குமேல் அடங்கும். மிச்சத்துக்கு ஒலிக்கான 1:1 ஐசொலேசன் ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையில் போடலாம். பிளக்கின் ஏர்த் காலை உடைப்பது ஒரு வழி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மைக்கைக் கையில் பிடித்தபடி ஈரத் தரையில் நிற்கும் பிள்ளையை நினைத்து அதைச் செய்யாதீர்கள்.

மைக் வயருக்கு இரண்டு கோரும் வலையும் உள்ளது வாங்கி, இரு பக்கமும் மூன்று கால் உள்ள கெனன் (XLR) பின் போடுங்கள். ஒன்றாம் காலில் வலை, இரண்டில் ஒரு நிறம், மூன்றில் மற்ற நிறம். மறுபக்கமும் அதே வரிசை. இரண்டு கோரிலும் ஒரே அளவாக ஏறும் இரைச்சலை மிக்சர் கழித்துவிடும். 12 மீற்றர் அதற்கு ஒன்றுமில்லை. ஒரு பக்கம் பெரிய மைக் பின் போட்டு ஒற்றைக் கோரில் ஓட்டினால் அந்த வசதி போய்விடும். மின்வயரிலிருந்து ஒரு முழமாவது விலக்கி, குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்குறுக்காகக் கடத்துங்கள்.

செய்த ஒவ்வொரு வயரையும் மீற்றரில் நடுவுக்கு நடு, வலைக்கு வலை, பிறகு நடுவுக்கும் வலைக்கும் தொடர்பு இல்லையா என்று பாருங்கள். பார்க்கும்போதே பிளக்கின் கழுத்தை ஆட்டுங்கள். வயர் விடுவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான், அடுத்தது எலியால். கூரைக்கடியில் போகும் ஸ்பீக்கர் வயரைப் பீ.வீ.சீ. குழாய்க்குள் விட்டு இரு வாயையும் அடையுங்கள். அறுப்புக் காலத்தில் வயலை விட்டு மண்டபத்துக்குள் வரும் எலிக்கு ஒன்பது எத்தனை என்று தெரியாது.

மாமா ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் இப்படி எழுதுங்கள்: நல்ல கெனன் பின் ஆணும் பெண்ணும் இரண்டு சோடி, வெள்ளீயம் பூசிய செப்பு வலை உள்ள மைக் வயர் 25 மீற்றர், 3, 6, 10 மில்லிமீற்றர் சூடு காட்டினால் சுருங்கும் குழாய், 63/37 ஈயம் கால் கிலோ, வெப்பம் கட்டுப்படுத்தும் சோல்டரிங் அயர்ன் ஒன்று. அயர்ன் 230 வோல்ற்றுக்கு உரியதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ற். அதை இங்கே செருகினால் அன்றே முடிந்துவிடும்.